எஃப்.எம்.பி-யில் புள்ளிக்கோடு, அ-பதிவேட்டில் தனியார் பட்டா: இந்தத் தடத்தைப் பொதுப்பாதையாக மாற்ற முடியுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ஊரிலிருந்து கிழக்கே பத்துப் பன்னிரண்டு பேருடைய காட்டுக்கு, அதாவது விளைநிலத்துக்கு, போகிற தடம். உங்கள் தாத்தா காலத்தில் மாட்டுவண்டி போனது, இப்போது டிராக்டர் போகிறது. நடுவில் இருக்கும் நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, கல்கால் நட்டுக் கம்பிவேலி கட்டிவிட்டார். எஃப்.எம்.பி-யில், அதாவது சர்வே எண்ணுக்கான புல வரைபடத்தில், புள்ளிக்கோடு இருக்கிறது. கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் முழுவதும் அவர் பெயரில் பட்டா. தாசில்தாருக்குக் கொடுத்த மனுவுக்கு ‘உரிய சிவில் நீதிமன்றத்தை அணுகவும்’ என்று ஒரு வரிப் பதில். ஆகவே, பதிவேட்டில் இதைப் பாதை என்று மாற்ற எந்த அதிகாரிக்கு மனு எழுத வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

எந்த அதிகாரி என்பது இரண்டாவது கேள்வி. உங்களுக்கு முதலில் பதில் தெரிய வேண்டிய கேள்வி வேறு: அந்தத் தடம் அரசுப் பதிவில் ஒரு காலத்தில் பாதையாக இருந்து காணாமல் போனதா, அல்லது எந்தக் காலத்திலும் பாதையாகப் பதிவாகவே இல்லையா? முதல் வகை என்றால் நீங்கள் கேட்பது திருத்தம். இரண்டாவது வகை என்றால் நீங்கள் கேட்பது, அடுத்தவர் பட்டா நிலத்தில் புதிதாக ஒரு பாதையை உண்டாக்குவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மனு மாதிரிதான் இருக்கும். ஆனால் அதிகாரி வேறு, சட்டம் வேறு, செலவு வேறு, எடுக்கிற வருஷக்கணக்கும் வேறு. மனு எழுதுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைப் பார்க்காமலே எழுதுகிறார்கள், அவர்களுக்கும் அதே ஒரு வரிப் பதில் வருகிறது.

நான் நில அளவைத் துறையில் குறுவட்ட அளவராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்த காலமும் தெரியும், ஜி.பி.எஸ் வைத்து அளக்கிற காலமும் தெரியும். இடத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் அட்வகேட் கமிஷனர்களோடு வேலியோரமாக நின்ற நாட்கள் நிறைய. ஆனால் வக்கீல் இல்லை. ஆவணத்தைப் பற்றியும் அளவைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். வழக்கைப் பற்றிச் சொல்வதை ஒரு சிவில் வக்கீலிடம் காட்டிவிட்டு நம்புங்கள்.

நம்முடைய பதிவேடு எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். இங்கிலாந்தில் பொதுவழிகளுக்கென்றே சட்டப்பூர்வமான தனி வரைபடம் உண்டு. 1949-ல் சட்டம் போட்டு, ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லைக்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதை, குதிரைப் பாதை எல்லாவற்றையும் குறித்து வைக்கச் செய்தார்கள். விட்டுப்போன பாதையைச் சேர்க்கவும் தவறாகக் குறித்ததை நீக்கவும் 1981-ம் வருடச் சட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. பழைய வரைபடத்தையும், 20 வருடம் நடந்தவர்களின் வாக்குமூலத்தையும் வைத்து யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது. நம்முடைய அ-பதிவேடு தீர்வை வசூலிக்க எழுதிய புத்தகம். எந்த நிலத்துக்கு வரி உண்டு, யார் கட்ட வேண்டும் என்பதுதான் அதன் கேள்வி. வரி இல்லாத நிலம் புறம்போக்கு. ஏன் வரி இல்லை என்பதற்குக் காரணமாகக் கடைசிப் பத்தியில் ‘வண்டிப்பாதை’, ‘வாய்க்கால்’, ‘களம்’ என்று எழுதினார்கள். பாதை அங்கே இடம் பிடித்ததே இப்படி ஒரு பக்கவாட்டு வழியில்தான். அதனால்தான் மக்கள் நூறு வருஷம் நடந்த தடம் பதிவேட்டில் இல்லாமலும், ஒருவரும் நடக்காத பாதை பதிவேட்டில் கம்பீரமாகவும் இருக்கும்.

இருந்தாலும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு இருக்கிற பலத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-வது பிரிவுப்படி பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை எல்லாம் அரசின் சொத்து. பதிவேட்டில் ‘அரசுப் புறம்போக்கு, வண்டிப்பாதை’ என்று இருந்தால், தாசில்தார் 7-வது பிரிவில் நோட்டீஸ் கொடுத்து 6-வது பிரிவில் வேலியைப் பிடுங்கலாம், கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. பதிவேட்டில் பட்டா என்று இருந்தால் அதே தாசில்தாரால் ஒரு கம்பியைக் கூடத் தொட முடியாது. உங்களுக்கு வந்த ஒரு வரிப் பதில் சோம்பேறித்தனம் என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் இருக்கலாம், ஆனால் கையில் இருந்த பதிவேட்டை வைத்துப் பார்த்தால் அவர் வேறு பதில் எழுதியிருக்கவும் முடியாது.

சரி, அந்தப் புள்ளிக்கோட்டுக்கு வருவோம். அது பாதைதான் என்று உங்களுக்கு நிச்சயமா? எஃப்.எம்.பி-யில் பாதையல்லாத விட்டுவிட்டுப் போகும் கோடுகளும் உண்டு. ஜி-லைன் என்று நாங்கள் சொல்வது, ஒரு சர்வே கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு நேராக இழுத்த அளவைக் கோடு. நிலத்தின் மூலைகளை அதிலிருந்துதான் செங்குத்தாக அளந்து பிடிப்போம். தரையில் அப்படி ஒன்று கிடையாது, காகிதத்தில் மட்டும்தான். இதைப் பாதை என்று நம்பி ஊரே திரண்டு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். படத்தைத் திருப்பிக் காட்டி விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. ஜி-லைன் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கும், இரு முனையிலும் கல் இருக்கும், அதன் மேல் நீள அளவு எழுதியிருக்கும். வண்டிப்பாதை இரட்டைப் புள்ளிக்கோடாகப் போகும், நடந்த கால்களுக்கு ஏற்றபடி வளையும், பக்கத்து சர்வே எண்ணின் படத்தில் அதே இடத்தில் தொடரும். பக்கத்துப் புலத்தில் தொடராத பாதை பாதையே இல்லை. ஆகவே உங்கள் எண்ணின் படத்தை மட்டும் பார்க்காமல், ஊரிலிருந்து காடு வரை வருகிற எல்லா எண்களின் படங்களையும் எடுத்து வரிசையாக வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் படத்தில், கணினியில் ஏற்றும்போது பாதை, கிணறு, மரம் போன்ற விவரங்கள் விட்டுப்போனதும் உண்டு. அதனால் தாலுகா அலுவலகத்திலிருந்து பழைய கையெழுத்துப் படத்தின் சான்றிட்ட நகலையும் வாங்குங்கள்.

பாதைதான் என்று உறுதியானால், அடுத்து அது எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இருபுறமும் முழுக்கோடு போட்டு, அகல அளவு எழுதி, தனி உட்பிரிவு எண் கொடுத்திருந்தால், அளந்தவர் அதைத் தனி நிலமாகப் பிரித்திருக்கிறார் என்று அர்த்தம். வெறும் புள்ளிக்கோடாகப் பட்டா நிலத்துக்குள்ளேயே போனால், ‘இந்த நிலத்தின் வழியாக ஒரு தடம் போவதை அளந்த அன்று கண்ணால் பார்த்தேன்’ என்பது மட்டும்தான். கிணற்றையும் புளியமரத்தையும் குறிப்பது போல அதையும் குறித்தார், அவ்வளவுதான். அந்த மண்ணுக்கும் சேர்த்துப் பட்டாதாரர் தீர்வை கட்டி வந்திருக்கிறார். அதை எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும்.

ஆனால் இப்போது இருக்கிற படம் யூ.டி.ஆருக்குப் பிந்தியது. நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் அந்தத் திட்டம் 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. ஏக்கர்–சென்ட் போய் ஹெக்டேர்–ஏர் வந்ததும், உட்பிரிவுகள் மறுபடி எண்ணிடப்பட்டதும், பட்டாக்கள் அனுபவத்தைப் பார்த்து எழுதப்பட்டதும் அப்போதுதான். லட்சக்கணக்கான பதிவுகளைச் சில வருடங்களில் திருப்பி எழுதியதில் தவறுகள் ஏராளம். அண்ணன் பட்டா தம்பி பெயரில் ஏறியது, புறம்போக்கு பட்டாவானது, பட்டா புறம்போக்கானது எல்லாம் நடந்தன. எங்கள் துறையில் இதைப் பற்றி ஒளிவுமறைவாகப் பேசுவதில்லை, ‘யூ.டி.ஆர் தவறு’ என்பதே மனுக்களில் ஒரு தனி வகை.

உங்கள் பாதை அதில் விழுங்கப்பட்டதா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். யூ.டி.ஆருக்கு முந்திய பதிவேட்டில் 112/1 பட்டா, 3 ஏக்கர் 20 சென்ட். 112/2 புறம்போக்கு, வண்டிப்பாதை, 20 சென்ட். 112/3 பட்டா, 1 ஏக்கர் 75 சென்ட் என்று இருக்கிறது. இப்போதைய அ-பதிவேட்டில் 112/1 பட்டா 1.37.5 ஹெக்டேர், 112/2 பட்டா 0.71.0 ஹெக்டேர் என்று இரண்டே வரி. ஒரு ஹெக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். 1.37.5-ஐப் பெருக்கினால் 3 ஏக்கர் 40 சென்ட் வருகிறது. 0.71.0 என்பது ஏறக்குறைய அதே 1 ஏக்கர் 75 சென்ட். ஆக 112/1-க்காரருக்கு மட்டும் 20 சென்ட் கூடியிருக்கிறது, பாதையும் 20 சென்ட். அந்த 20 சென்ட் எப்படி வந்தது என்றும் சரிபார்க்கலாம். பழைய படத்தில் பாதை 20 லிங்க்ஸ் அகலம், 1,000 லிங்க்ஸ் நீளம் என்று இருந்தால், 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட் என்ற கணக்கில் சரியாக 20 சென்ட். 20 லிங்க்ஸ் என்பது சுமார் 13 அடி, ஒரு வண்டி தாராளமாகப் போகிற அகலம். பதிவேடு, படம், பரப்பு மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. இப்படி ஒரு தாளை மனுவோடு வைத்தால், படிக்கிற அதிகாரி அதைத் தள்ளிவிட மாட்டார். ‘எங்கள் மூதாதையர் காலந்தொட்டு’ என்று தொடங்கும் நான்கு பக்க மனுவுக்கு இல்லாத வலிமை இந்தக் கூட்டல் கழித்தலுக்கு உண்டு.

பழைய பதிவேடு ஊருக்கு ஊர் பெயர் மாறும். விவசாயிகள் நேரடியாக அரசுக்கே தீர்வை கட்டி வந்த ரயத்துவாரி கிராமம் என்றால் மறுநிலவரித் திட்டப் பதிவேடு, ஆர்.எஸ்.ஆர் என்பார்கள். ஜமீனாகவோ இனாமாகவோ இருந்து 1948-ம் வருடச் சட்டத்தாலோ அதற்குப் பின் வந்த சட்டங்களாலோ அரசு எடுத்துக்கொண்ட கிராமம் என்றால் நிலவரித் திட்டப் பதிவேடு, எஸ்.எல்.ஆர். தாலுகாவில் ‘பதிவு சிதிலமடைந்துள்ளது’ என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். கலெக்டர் அலுவலகப் பதிவறை, எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சேப்பாக்கத்தில் இருக்கும் மத்திய நில அளவை அலுவலகம் மூன்றிலும் கேளுங்கள். கிராம வரைபடத்துக்குச் சேப்பாக்கம்தான் நல்ல இடம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, சர்வே எண்ணையும் பதிவேட்டின் பெயரையும் குறிப்பிட்டுக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ‘பாதை சம்பந்தமான அனைத்து ஆவணங்களும்’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. இன்னொரு விஷயம், பலருக்குத் தோன்றாதது: பி-மெமோ. யாராவது எப்போதாவது அந்தத் தடத்தை உழுது, அதற்காக கிராம அலுவலர் ஆக்கிரமிப்பு என்று பி-மெமோ எழுதியிருந்தால், அரசே அந்த மண்ணைத் தன்னுடையது என்று நினைத்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வருஷா வருஷம் சாகுபடியை எழுதி வைக்கும் பழைய அடங்கலோடு சேர்த்து அதையும் தேடச் சொல்லுங்கள்.

பழைய பதிவில் பாதை புறம்போக்காக இருந்தது என்று தெரிந்துவிட்டால் உங்கள் வழி நேரானது. யூ.டி.ஆர் தவறைத் திருத்தக் கோரி மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு கொடுக்க வேண்டும், டி.ஆர்.ஓ என்பீர்களே அவருக்கு. அவர் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ-விடமும் தாசில்தாரிடமும் அறிக்கை கேட்பார். அது கிராம அலுவலர், வருவாய் ஆய்வாளர், சர்வேயர் வரை இறங்கி மறுபடி மேலே ஏறும். பட்டாதாரருக்கு நோட்டீஸ் கொடுத்து, இரு தரப்பையும் விசாரித்து ஆணை போடுவார். இந்த நோட்டீஸ் விஷயத்தில் நீங்களே அக்கறையாக இருங்கள். எதிர்த்தரப்பை விசாரிக்காமல் போட்ட ஆணை உயர்நீதிமன்றத்தில் ரிட் போட்டதும் நிற்காது, இரண்டு வருஷ உழைப்பு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். இப்போதைய உரிமையாளர் ‘நான் பட்டாவைப் பார்த்துப் பணம் கொடுத்து வாங்கினேன்’ என்பார். பரிதாபமான வாதம்தான், பலமான வாதம் இல்லை. பட்டா என்பது தீர்வை கட்டுவதற்கான பதிவு, அதுவே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. விற்றவருக்கு இல்லாத 20 சென்ட் வாங்கியவருக்கு வர வழியில்லை. கிராமப் பொது நிலங்களை மீட்க வேண்டும் என்று 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் குறிப்பிடலாம். ஆனால் அதை முதல் பக்கத்தில் வைக்காதீர்கள், பரப்புக் கணக்குத்தான் முதலில்.

பழைய பதிவிலும் அது வெறும் புள்ளிக்கோடுதான், தனிப் பரப்பு இல்லை என்றால், டி.ஆர்.ஓ-விடம் போய்ப் பயனில்லை என்பது என் கருத்து. திருத்துவதற்கு அங்கே தவறு எதுவும் இல்லை. பட்டா நிலத்தைப் புறம்போக்கு என்று ஒரு வருவாய் அதிகாரி தன் பேனாவால் எழுதிவிட முடியாது. அப்படி எழுதினால் நாளைக்கு உங்கள் நிலத்தையும் எழுதலாமே. இந்த நிலையில் மிச்சமிருப்பவை மூன்று: நிலக்காரரின் சம்மதம், அரசு நிலம் எடுப்பது, நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு தோட்டப் பாதைக்காக அரசு நிலம் எடுத்து நான் பார்த்ததில்லை, அதை விட்டுவிடலாம்.

சம்மதத்தைப் பற்றி எழுதினால் சிரிப்பீர்கள், வேலி போட்டவரிடமா என்று. ஆனால் நான் கண்ணால் பார்த்துத் தீர்ந்த பாதைத் தகராறுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தீர்ந்தன. அவருக்கு உங்கள் தடம் நிலத்தின் நடுவில் குறுக்கே போவதுதான் எரிச்சல். ஓரமாக வரப்போடு ஒட்டி 12 அடி விட்டுக்கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் பேச்சு ஆரம்பிக்கும். விட்டுக்கொடுக்கிற நிலத்துக்குப் பாதையால் பலன் பெறுகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடலாம். முடிந்த பேச்சை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. அடுத்து வாங்குகிறவரிடம் அதைக் காட்டினால் ‘எனக்குத் தெரியாது’ என்பார். அந்தப் பட்டையை ஊராட்சிக்குத் தானப்பத்திரமாகப் பதிவு செய்து கொடுக்கச் சொல்லுங்கள், மனைப்பிரிவு போடுகிறவர்கள் சாலையை ஒப்படைப்பது போல. பிறகு அந்தப் பத்திரத்தை வைத்து உட்பிரிவு செய்து, அ-பதிவேட்டில் பாதை என்று ஏற்றலாம். பொதுச் சாலைகள் கிராம ஊராட்சியைச் சேரும் என்று 1994-ம் வருட ஊராட்சிகள் சட்டத்தில் இருக்கிறது. ஆக்கிரமிப்பு வந்தால் நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் கூடவே வரும்.

சம்மதம் இல்லையென்றால் கோர்ட்தான். இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டும்: நீங்கள் கேட்பது பொதுப்பாதையா, தடபாத்தியமா? தடபாத்தியம் என்பது உங்கள் நிலத்துக்கு அவருடைய நிலத்தின் மேல் இருக்கிற உரிமை. 1882-ம் வருட வசதியுரிமைச் சட்டத்தில், 20 வருடம் தடையில்லாமல், உரிமையோடு, வெளிப்படையாகப் பயன்படுத்தியதைக் காட்டினால் கிடைக்கும். வேறு வழியே இல்லாத நிலம் என்றால், இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே சொத்தாக இருந்து பிரிந்ததா என்று பார்த்து அவசிய வழியாகவும் கேட்கலாம். அது உங்களுக்கும் உங்கள் நிலத்தை வாங்குகிறவருக்கும் மட்டும், ஊருக்கு இல்லை, அ-பதிவேட்டிலும் ஏறாது. பொதுப்பாதை என்பது ஊருக்கு. அதற்கு ஊர் சார்பில் வழக்கு போட வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 91-வது பிரிவு, முதல் கட்டளை 8-வது விதி என்று வக்கீல் சொல்வார், கோர்ட் அனுமதி வாங்கித் தொடுப்பது. பதிவேட்டை மாற்றவும் கேட்பதால் அரசைப் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும், அதற்கு 80-வது பிரிவில் இரண்டு மாத நோட்டீஸ். இரண்டையும் ஒரே வழக்கில் ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆனால் ‘இது பொது நிலம்’ என்றும் ‘இது அவர் நிலம்தான், எனக்கு வழி மட்டும் வேண்டும்’ என்றும் ஒரே மூச்சில் சொல்வதில் இருக்கிற ஆபத்தை வக்கீலோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

எந்த வழக்கானாலும் கிரயப் பத்திரங்கள்தான் உங்களுக்கு உயிர். உங்களுடையதை விட மற்றவர்களுடையது முக்கியம். அந்த நிலத்தைச் சுற்றியுள்ள எல்லா எண்களுக்கும் வில்லங்கம் போட்டு, ஐம்பது அறுபது வருடப் பத்திரங்களின் நகல் எடுங்கள். நான்கெல்லையில் ‘வண்டிப்பாதைக்குத் தெற்கு’ என்றோ, விவரத்தின் கடைசியில் ‘மாமூல் வண்டி நடைத்தட பாத்தியம் சகிதம்’ என்றோ எழுதியிருக்கும். ஒருமுறை கமிஷனரோடு போயிருந்தபோது, தடமே கிடையாது என்று சாதித்தவரின் அப்பா வாங்கிய பத்திரத்திலேயே வடக்கெல்லை ‘ஊர் வண்டித்தடம்’ என்று இருந்தது. அதை வாசித்துக் காட்டியதும் அவர் பத்திரத்தை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் சொல்லைக் கவனியுங்கள். ‘ஊர் வண்டித்தடம்’ என்பது பொதுவைக் காட்டும். ‘தடபாத்தியம்’ என்பது தனி உரிமையைத்தான் காட்டும், அதைப் பொதுப்பாதைக்குச் சாட்சியாகக் கொண்டுபோனால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

வழக்கு முடியும் வரை டிராக்டர் எப்படிப் போகும் என்பதுதான் உங்களுடைய அவசரம் என்று தெரிகிறது. பொதுவழியில் தடை என்றால் ஆர்.டி.ஓ, நிர்வாக நடுவராக, அகற்றச் சொல்லி நிபந்தனை ஆணை போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133, இப்போது 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 152. எதிர்த்தரப்பு ‘இது பொதுவழியே இல்லை’ என்று மறுத்து, அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் காட்டினால், சிவில் கோர்ட் தீர்மானிக்கும் வரை அந்த நடவடிக்கை நின்றுவிடும். முழு எண்ணுக்கும் பட்டா வைத்திருப்பவரிடம் அந்த ஆதாரம் தயாராகவே இருக்கிறது. ஆகவே இதைப் பெரிதாக நம்ப வேண்டாம். பழைய பதிவில் புறம்போக்கு என்று உங்கள் கையில் தாள் இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள். ராத்திரியோடு ராத்திரியாக வேலியை வெட்டுகிற யோசனை ஊரில் யாருக்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள். அடுத்த நாள் காலையில் அது பாதைத் தகராறாக இருக்காது, உங்கள் பையன்கள் மேல் கிரிமினல் கேஸாக இருக்கும்.

இதுவரை சொன்னதில் எதை எவ்வளவு நம்பலாம் என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பழைய பதிவில் புறம்போக்காக இருந்து பரப்பும் ஒத்துப்போனால் திருத்தம் கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எத்தனை மாதம் என்பதுதான் ஆளைப் பொறுத்தது. ஆனால் பழைய பதிவில் பாதை என்று இருந்தும், யூ.டி.ஆரின்போது அந்த நிலத்தை அளந்து, நோட்டீஸ் கொடுத்து, கெஜட்டிலும் வெளியிட்டிருந்தால் சிக்கல். 1923-ம் வருட நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தில் 13-வது பிரிவு அறிவிக்கைக்குப் பிறகு எல்லை முடிந்த முடிவு, அதை மாற்ற 14-வது பிரிவில் 3 வருடத்துக்குள் வழக்கு போட்டிருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு நிற்கும். அரசுக்கும் ஊருக்கும் நோட்டீஸ் வந்ததா, அறிவிக்கை எல்லையைப் பற்றியதா உரிமையைப் பற்றியதா என்று வாதம் இரண்டு பக்கமும் போகும். வயதானவர்களின் வாய்மொழிச் சாட்சி டி.ஆர்.ஓ விசாரணையில் அவ்வளவாக எடுபடாது, கோர்ட்டில் எடுபடும். ஊரில் எண்பது வயதுக்காரர்கள் யாரேனும் இருந்தால் அவர்களைப் பற்றி வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

ஜமாபந்தியில், அதாவது கிராமக் கணக்குகளை வருஷா வருஷம் சரிபார்க்கும் முகாமில், மனு கொடுக்கலாமா, கிராம சபையில் தீர்மானம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஜமாபந்தி மனு நல்லதுதான், ஒரு எண் விழும், பதில் எழுதியாக வேண்டும். கிராம சபைத் தீர்மானம் ஊர் இதைப் பொதுப்பாதையாகக் கருதுகிறது என்பதற்கு ஒரு சாட்சி, அதற்கு மேல் இல்லை. தீர்மானம் போட்டதாலேயே பட்டா பாதையாகாது. ஊராட்சி எப்போதாவது அந்தத் தடத்தில் கிராவல் அடித்திருந்தால், நூறு நாள் வேலையில் சமன் செய்திருந்தால், அந்த வேலையின் அளவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். தீர்மானத்தை விடக் கனமான காகிதம் அது.

கடைசியாக ஒன்று, இது என் கண் முன்னால் நடந்தது. ஒரு ஊரில் ஆறு வருஷம் அலைந்து திருத்த ஆணை வாங்கினார்கள். ஆணையின் நகலை லேமினேட் செய்து கோயில் மண்டபத்தில் மாட்டினார்கள். தாலுகாவில் அதை நடைமுறைப்படுத்த யாரும் கேட்கவில்லை, யாரும் செய்யவுமில்லை. கணினியில் பழைய பட்டாவே இருந்தது. நாலு வருஷம் கழித்து அந்த நிலம் மறுபடி விற்பனையானது, பாதையோடு சேர்த்து. ஆணை வந்தால் அன்றோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். சர்வேயரை அழைத்து உட்பிரிவு செய்து, இரு பக்கமும் கல் நட்டு, கிராமக் கணக்கிலும் தாலுகா கணக்கிலும் திருத்தி, கணினியில் ஏறிய பிறகு, ஒரு சாதாரண ஆளைப் போல இணையத்தில் அந்த எண்ணைப் போட்டு அ-பதிவேட்டையும் எஃப்.எம்.பி-யையும் எடுத்துப் பாருங்கள். அங்கே தனி எண்ணில் ‘வண்டிப்பாதை’ என்று வந்திருந்தால் சரி. இல்லையென்றால் ஆணையை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.